நாலாம் மாதம் எடை ஏன் மெதுவாக ஏறுகிறது?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1929இல் அங்கே ஃபெல்ஸ் ஆய்வு என்ற பெயரில் ஒரு நீண்ட வேலை தொடங்கியது. அந்த வட்டாரத்தில் பிறக்கும் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடைபோட்டு, நீளம் அளந்து, குறித்துவைத்தார்கள். பெரும்பாலும் வெள்ளை நிறத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிலும் பெரும்பாலோர் புட்டிப்பாலில் வளர்ந்தவர்கள். 1975வரை சேர்ந்த அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1977இல் அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளிவிவர மையம் குழந்தை வளர்ச்சிக்கான கோடுகளை வரைந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அவற்றை உலகம் முழுமைக்குமான அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், எந்த நாட்டுக் கைக்குழந்தை நன்றாக வளர்கிறது, எது வளரவில்லை என்பதை யெல்லோ ஸ்பிரிங்ஸ் பிள்ளைகளே தீர்மானித்தார்கள்.

நாமும் விதிவிலக்கல்ல. இந்தியாவின் முதல் இரண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் இந்தக் கோடுகளைத்தான் பயன்படுத்தின. அங்கன்வாடிகளில் இருந்த வளர்ச்சி அட்டைகளோ அதற்கும் முந்தியவை, பாஸ்டன் நகரத்துக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து வந்தவை. உத்தமபாளையத்தில் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் எடை சரியா என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்துதான் பதில் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பதிலில் ஒரு பிழை இருந்தது. மூன்று மாதம்வரை மளமளவென்று எடை ஏறிய தாய்ப்பால் பிள்ளை, அதன்பின் அந்தக் கோட்டிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்குவதுபோல் தெரிந்தது. வீட்டுக்கு வருகிற உறவுக்காரப் பெண் குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிள்ளை தேறவே இல்லையே, பால் பத்தலையோ?" என்று கேட்பதற்கும், அட்டையில் இறங்கும் கோட்டைப் பார்த்து மருத்துவர் பவுடர் பால் எழுதித் தருவதற்கும் ஒரே காலம்தான், நாலாம் மாதம். நான் கேட்டறிந்தவரையில், தாய்ப்பாலை மட்டும் கொடுத்துவந்த பெண்கள் அதைக் கைவிடுவதும் பெரும்பாலும் இந்த மாதத்தைச் சுற்றித்தான். நன்றாக வளரும் ஒரு குழந்தையைப் பார்த்து வளரவில்லை என்று சொல்லிவிட்டால், அடுத்து நடப்பதெல்லாம் அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது.

எடை உண்மையில் எப்படி ஏறுகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அட்டவணையில் ஆண் குழந்தைகளுக்கான நடுமதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். நூறு ஆரோக்கியமான குழந்தைகளை எடை வரிசையில் படுக்கவைத்தால் நட்டநடுவில் இருக்கும் குழந்தை அது. பிறக்கும்போது 3.3 கிலோ. முதல் மாதத்தில் 1,100 கிராம் கூடுகிறது. இரண்டாம் மாதமும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாம் மாதம் 800 கிராம். நாலாம் மாதம் 600 கிராமுக்குச் சற்று மேல், ஐந்தாம் மாதம் 500, ஆறாம் மாதம் 400 கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஒன்பதாம் மாதத்தில் 300 கிராம்கூட ஏறுவதில்லை. நோயில்லாத, நல்ல வசதியில் வளர்கிற, தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் கணக்கு இது. முதல் மாதத்தில் ஏறியதில் பாதிதான் ஐந்தாம் மாதத்தில் ஏறும். பெண் குழந்தைக்கு எண்கள் சற்றுக் குறைவு: பிறக்கும்போது 3.2, மூன்று மாதத்தில் 5.8, ஆறு மாதத்தில் 7.3 கிலோ. வேகம் குறையும் விதம் ஒன்றேதான்.

பழைய அமெரிக்க அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே மூன்று மாத ஆண் குழந்தைக்கு 6 கிலோ. புதிய அட்டவணையில் 6.4. ஒரு வயதில் பழையது 10.2 கிலோ கேட்டது, புதியது 9.6. ஆக, தாய்ப்பால் பிள்ளை முதல் சில மாதங்களில் பழைய கோட்டை முந்திக்கொண்டு போகிறது. பிறகு வேகம் குறைந்து ஆண்டு நிறைவில் 600 கிராம் கீழே நிற்கிறது. பழைய அட்டையை வைத்திருந்தவர்களுக்கு முன்பாதி கண்ணில் படவில்லை. பின்பாதி மட்டும் பட்டது, அதையும் குறை என்று படித்தார்கள்.

இதை முதலில் உறுதியாகக் காட்டியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில் பணியாற்றிய ஊட்டச்சத்து அறிஞர் கேத்தரின் டூயி. 1980களில் அவரும் அவருடைய குழுவினரும், குறைந்தது ஓராண்டாவது தாய்ப்பால் குடித்த குழந்தைகளையும் புட்டிப்பால் குழந்தைகளையும் பக்கம் பக்கமாக வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். இரு தரப்பும் படித்த, வசதியான குடும்பங்கள். ஆகவே வறுமையைக் காரணம் காட்ட வழியில்லை. தாய்ப்பால் குழந்தைகள் எடையில் பின்தங்கினார்கள். ஆனால் நீளத்திலும் தலைச்சுற்றளவிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. எலும்பும் மூளையும் ஒன்றுபோல வளர்கின்றன, எடை மட்டும் குறைகிறது என்றால் அதைப் பசி என்று சொல்ல முடியாது. மேலதிகமான சதை ஏறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. தாய்ப்பால் குழந்தைகள் உடல் எடைக்கு ஏற்ற கணக்கில் குறைவான கலோரியையே எடுத்துக்கொண்டார்கள். பால் கிடைக்காமல் அல்ல. மார்பில் பால் மிச்சமிருக்கும்போதே போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் செய்த அளவைகளும் இதையே சொல்கின்றன. ஒவ்வொரு முறை பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டுக் கணக்கெடுத்ததில், குழந்தை ஒரு வேளையில் சராசரியாக மார்பில் இருக்கும் பாலில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் குடிக்கிறது. நாள் முழுவதற்குமான சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தை 478 கிராமில் நிறைவடைந்தது, இன்னொன்று 1,356 கிராம் குடித்தது. இரண்டும் தாய்ப்பாலை மட்டுமே குடித்தவை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு குடிக்கிறது என்ற ஒப்பீட்டுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு புதிர் எழும். முதல் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை தாய் தரும் பாலின் அளவு பெரிதாக மாறுவதில்லை. குழந்தையோ அதற்குள் பிறந்த எடையைப்போல் இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. அதே பால் எப்படிப் போதுகிறது? விடை, வளர்ச்சிக்கு ஆகும் செலவில் இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் சுமார் 35 சதவீதம் புதுத் திசுவைக் கட்டுவதற்கே போய்விடுகிறது. அடுத்த மூன்று மாதங்களில் அந்தப் பங்கு பாதியாகிறது. ஒரு வயதில் வெறும் 3 சதவீதம். வீடு கட்டும்போது வண்டி வண்டியாகச் செங்கல் வேண்டும், குடியேறியபின் அன்றாடச் செலவு மட்டும்தான். எடை மெதுவாக ஏறத் தொடங்குவதும், அதே அளவுப் பால் போதுமாக இருப்பதும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள். நாலாம் மாதத்தில் வேகம் குறைவதைப் பார்த்துப் பால் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அளவுகோலையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு 1990களில் உலக சுகாதார நிறுவனம் வந்தது. 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், நம் தென் தில்லி. மொத்தம் ஏறக்குறைய 8,500 குழந்தைகள். பழைய ஆய்வு, இருக்கிற குழந்தைகளை அளந்து இப்படி வளர்கிறார்கள் என்றது. இது வேறு மாதிரியாகக் கேட்டது: எந்தத் தடையும் இல்லாவிட்டால் குழந்தை எப்படி வளரும்? ஆகவே புகைக்காத, பாலூட்ட விரும்பும் தாய்மார்களின், வறுமை குறுக்கிடாத குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் சேர்த்தார்கள். பாலூட்டுவதற்கு வேண்டிய உதவியும் செய்தார்கள்.

முடிவு வந்தபோது, இதில் ஈடுபட்டவர்களுக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். ஆறு ஊர்க் குழந்தைகளின் நீளக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. குழந்தைகளுக்கிடையே நீளத்தில் இருந்த வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் இருந்தது. ஊருக்கு ஊர் இருந்தது 3 சதவீதம்தான். தென் தில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் ஒன்றுபோல வளர்கின்றன. நம்ம ஊர்ப் பிள்ளைகள் சின்ன உடம்புக்காரர்கள், அவர்களுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த சமாதானம், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் பொறுத்தவரையில், அதோடு செல்லாமல் போனது. 2006இல் புதிய கோடுகள் வெளிவந்தன. சில ஆண்டுகளில் இந்தியாவின் அங்கன்வாடிகளும் அவற்றுக்கு மாறின. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையே இயல்பு. மற்றவர்களை அதோடு ஒப்பிட வேண்டும் என்பது அன்றிலிருந்துதான் எழுத்தில் வந்தது.

புதிய கோடுகள் தாய்மார்களுக்குச் சலுகை காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதத்தில் எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கை புதிய அட்டையில் கூடியது; பின்மாதங்களில்தான் குறைந்தது. தாய்ப்பால் குழந்தை தொடக்கத்தில் வேகமாக வளரும் என்பதால், அந்த வேகம் இல்லாத பிஞ்சுகள் முன்பு தப்பிவிட்டன; இப்போது கண்ணில் பட்டன.

பால் பத்தவில்லை என்ற அச்சம் எப்படித் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம். மார்பகம் பாலைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமல்ல. பால் வெளியேறினால் உற்பத்தி கூடும், தேங்கினால் குறையும். இது ஒவ்வொரு மார்பகத்துக்குள்ளும் தனித்தனியாக நடக்கும் கட்டுப்பாடு. மாலையில் ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் குழந்தை அந்த வேளை மார்பில் உறிஞ்சாது. பால் தேங்கும். இரண்டு மூன்று நாளில் உற்பத்தி உண்மையிலேயே குறையும். அப்போது, பார்த்தாயா, பால் இல்லை என்று சொன்னேனே என்பார்கள். இரண்டாவது வேளையும் புட்டிக்குப் போகும்.

திட உணவுக்கும் இதே கதைதான். ஹோண்டுராஸ் நாட்டில் டூயியும் சகாக்களும் செய்த சோதனை 1994இல் 'லான்செட்' இதழில் வந்தது. நான்கு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தாய்ப்பாலையே ஆறு மாதம்வரை தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு நான்கு மாதத்திலேயே கிருமியில்லாமல் தயாரித்த குழந்தை உணவைத் தொடங்கினார்கள். உணவு தொடங்கிய குழந்தைகள் உண்ட அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்தக் கலோரி ஒன்றே, எடையும் நீளமும் ஒன்றே. கொடுத்த உணவு எதையும் கூட்டவில்லை. பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே தந்த உணவு சுத்தமானது. நம் வீடுகளில் நாலாம் மாதத்தில் வாய்க்குள் போவது எவ்வளவு சுத்தம் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பிறந்த அன்று சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பும் சாதிக்காயும் இழைத்த உரைமருந்து, கிரைப் வாட்டர் என்று நம்மிடம் ஒரு பட்டியலே உண்டு. பாசத்தோடு கொடுப்பவைதான். ஆனால் முதல் நாளில் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவு ஒரு தேக்கரண்டியைச் சற்றே தாண்டும். சீம்பாலும் அந்த அளவில்தான் சுரக்கிறது. அந்தச் சிறிய இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் சீம்பாலுக்கு இடமில்லை. கத்திரி வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் எப்படி என்ற கேள்வியை 1991இல் தில்லி மருத்துவர்கள் நேராகவே சோதித்தார்கள். வெப்பம் 34 முதல் 41 டிகிரிவரை போன கோடையில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளின் சிறுநீரை அளந்து பார்த்தார்கள். தனியாகத் தண்ணீர் குடித்த குழந்தைகளைவிட அவர்கள் நீர்ச்சத்தில் குறைந்திருக்கவில்லை. தாய்ப்பாலில் 100 பங்குக்கு 88 பங்கு தண்ணீரே. தாய்ப்பால் மட்டும் என்றால் தண்ணீரும் இல்லை என்பதுதான் பொருள். மருத்துவர் தரும் சொட்டு மருந்தும் உப்பு சர்க்கரைக் கரைசலும் மட்டும் விலக்கு.

சரி, தாய்ப்பால் மட்டும் கொடுப்பது வளர்ச்சியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? சாதாரணமாக இரு கூட்டத்தையும் ஒப்பிட்டால் சரியான விடை கிடைக்காது. ஏனென்றால், வளர்ச்சி சரியில்லாத குழந்தைக்குத்தான் பெரும்பாலும் புட்டி வருகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. ஒரு தாயைக் குலுக்கிப்போட்டு, நீ கொடு, நீ கொடுக்காதே என்று சொல்வதும் அறமல்ல. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரேமர் இதற்கு ஒரு வழி கண்டார். பெலாரஸ் நாட்டில் 31 மகப்பேறு மருத்துவமனைகளையும் அவற்றோடு இணைந்த சிகிச்சை மையங்களையும் எடுத்துக்கொண்டு, தாய்மார்களை விட்டுவிட்டு மருத்துவமனைகளைக் குலுக்கிப் பிரித்தார். ஒரு பாதியில் பாலூட்டுவதற்கு உதவும் பயிற்சியைச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் தந்தார்கள். மறுபாதி வழக்கம்போல. 1996-97இல் 17,046 தாய்-சேய் இணைகள் இதில் சேர்ந்தன. தாய்ப்பால் பற்றிய ஆய்வுகளில் இதற்கு ஈடான சோதனை இன்றுவரை கிடையாது.

பயிற்சி வேலை செய்தது. மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் ஒரு பக்கம் 43.3 சதவீதம், மறுபக்கம் 6.4. எடையைப் பார்த்தால், பயிற்சி பெற்ற மருத்துவமனைகளின் குழந்தைகள் மூன்றாம் மாதத்தில் சராசரியாக 106 கிராம் அதிகமாக இருந்தார்கள். பிறகு அந்த இடைவெளி சுருங்கி, ஒரு வயதில் மறைந்தது. தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் பிள்ளை இளைத்துவிடும் என்ற பேச்சுக்கு இதுதான் விடை: இளைக்கவில்லை, தொடக்கத்தில் சற்றுத் தேறியே இருந்தது. ஆனால் பெரிய வேறுபாடு தராசில் தெரியவில்லை. நோயில்தான் தெரிந்தது: முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொற்று வந்த குழந்தைகள் பயிற்சி பெற்ற பக்கம் 9.1 சதவீதம், மறுபக்கம் 13.2.

தண்ணீர்க் குழாயும் சுகாதார வசதியும் இருந்த பெலாரஸிலேயே இப்படி. ஏழை ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. பிரேசிலில் செசார் விக்டோரா 1987இல் வெளியிட்ட கணக்கில், தாய்ப்பால் மட்டும் குடித்த கைக்குழந்தையோடு ஒப்பிட்டால், தாய்ப்பாலே இல்லாத குழந்தை வயிற்றுப்போக்கில் இறக்கும் ஆபத்து 14.2 மடங்கு. வளர்ச்சிக்கும் நோய்க்குமான உறவு இங்கேதான் இருக்கிறது. பேதி வந்த குழந்தை உண்பதைக் குறைக்கிறது, உண்டதும் சேர்வதில்லை, காய்ச்சல் வேறு ஆற்றலை எரிக்கிறது. ஒரு வாரப் பேதி ஒரு மாத எடையை விழுங்கிவிடும். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைகள் கணிசமாக இருக்கின்றன. செரிக்காத பொருளை உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்கிறது என்று பலகாலம் புரியவில்லை. அவை குழந்தைக்கான உணவல்ல, குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான உணவு. அந்த நல்ல நுண்ணுயிர்கள் பெருகினால் குடலில் அமிலத்தன்மை கூடி, கெட்டவற்றுக்கு இடம் குறைகிறது. போதாததற்கு, தாய் எதிர்கொண்ட கிருமிகளுக்கு எதிரான ஐஜிஏ எதிர்ப்பொருள்களும் பாலோடு வந்து குடல் சுவரில் காவல் நிற்கின்றன. தாய்ப்பால் குழந்தையை வளர்க்கிறது என்பதைவிட, வளர்ந்ததை இழக்காமல் காக்கிறது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

புட்டிப்பால் எடையை ஏற்றுவதற்கும் காரணம் உண்டு. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவே புரதம், பசும்பாலில் 3.3 கிராம். பசும்பாலிலிருந்து செய்த பழைய பவுடர்களில் புரதம் தேவைக்கு மேலிருந்தது. பெர்டோல்ட் கோலெட்ஸ்கோ தலைமையில் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த சோதனையில், புரதம் குறைந்த பவுடர் குடித்த குழந்தைகளின் எடை இரண்டு வயதில் தாய்ப்பால் குழந்தைகளுக்கு அருகில் இருந்தது; புரதம் மிகுந்ததைக் குடித்தவர்கள் எடை கூடியிருந்தார்கள். கொழுகொழு என்றிருப்பதில் ஒரு பகுதி இந்த உபரிப் புரதத்தின் வேலை. இதைவைத்துத் தாய்ப்பால் குடித்தால் பிற்காலத்தில் உடல் பருமன் வராது என்று சிலர் பரப்புகிறார்கள். பெலாரஸ் பிள்ளைகளை ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் பார்த்தபோது பருமனில் குறைவு காணப்படவில்லை. தாய்ப்பாலுக்கு இருக்கிற மெய்யான பெருமையே போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

எடை மெதுவாக ஏறுவதெல்லாம் இயல்புதான் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. எது இயல்பு, எது எச்சரிக்கை? பிறந்த முதல் சில நாளில் எடை 10 சதவீதத்துக்குள் குறைவது வழக்கம். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டால் உடனே பார்க்க வேண்டும். ஒரு வாரம் தாண்டிய குழந்தை நாளைக்கு ஆறு முறையாவது வெளிறிய சிறுநீர் கழிக்க வேண்டும். தொடக்க மாதங்களில் மாதம் 500 கிராம்கூட ஏறாவிட்டால், ஒருவர் அருகில் உட்கார்ந்து குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தைப் பார்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் வாய் நிறையப் பிடித்திருக்கிறதா, கன்னம் குழியாமல் உருண்டிருக்கிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா? பல வேளை சிக்கல் இங்கேதான் தீரும். சிலருக்குத் தீராது. பிரசவத்தில் பெருமளவு இரத்தம் இழந்தவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், மார்பில் அறுவை செய்தவர்கள், பால்சுரப்பித் திசுவே குறைவாக அமைந்தவர்கள் எவ்வளவு முயன்றாலும் போதிய பால் சுரக்காமல் போகலாம். அவர்களைக் குற்றவாளியாக்கும் பிரச்சாரம் கொடுமையானது. குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. ஆசியாவின் முதலாவது 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது உண்டு.

அளக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கன்வாடியில் நெடுங்காலம் பயன்பட்ட தொங்கு தராசில் ஒரு சிறு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 100 கிராம் இடைவெளி. குழந்தையைக் கால்சட்டை போன்ற துணியில் போட்டுத் தொங்கவிட்டால் அது வீறிட்டு அழுது காலை உதைக்கும். முள் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் பால் குடித்திருந்தால் எடையில் 100 கிராம் அதுவே. ஈர அரைத்துணி, இடுப்பில் வெள்ளி அரைஞாண், கால் கொலுசு என்று இன்னும் கொஞ்சம். ஆறாம் மாதத்தில் ஒரு மாதத்துக்கே ஏறுவது 400 கிராம் என்னும்போது, இந்தப் பிழைகள் சேர்ந்தால் பாதியை விழுங்கும், அல்லது இல்லாததைக் காட்டும். ஆகவே ஒரு மாதப் புள்ளியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு மூன்று மாதப் புள்ளிகளை இணைக்கும் கோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். கோடு தன் போக்கிலிருந்து விலகிக் கீழே அடுத்தடுத்த கோடுகளைக் கடந்தால்தான் கவலை. நடுக்கோட்டுக்குக் கீழேயே பிறந்து, அதற்கு இணையாகவே வளரும் குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது.

அரசின் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரம் என்று ஊசிகள் வருகின்றன. அதன்பின் அடுத்த ஊசி ஒன்பதாம் மாதத்தில். வேகம் குறையத் தொடங்கும் நேரத்தில், சரியாக அந்த மாதங்களில், தாய் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. மூன்றரை மாதத்து ஊசியன்று, இனி எடை முன்புபோல ஏறாது, அது சரிதான் என்று கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நிமிடம் சொல்லிவிட்டால் பல பவுடர் டின்கள் கடையிலேயே நிற்கும். இதற்குப் புதுத் திட்டமோ நிதியோ தேவையில்லை.

தாய்ப்பால் எதைச் செய்யாது என்பதையும் மறைக்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்போர் 63.7 சதவீதம், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 54.9. நல்ல முன்னேற்றம். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இன்னும் 35.5 சதவீதம். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவிலும் உகாண்டாவிலும் வீட்டுக்கே சென்று ஆலோசனை தந்து தாய்ப்பால் கொடுப்பதைப் பெரிதும் கூட்டினார்கள். உயரத்தில் ஆதாயம் காணப்படவில்லை. குட்டையாதல் பல நேரங்களில் கருப்பையிலேயே தொடங்குகிறது, இரத்தசோகையும் மெலிவுமாக இருக்கும் தாயிடமிருந்து. ஆறு மாதத்துக்குப் பிறகு கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதில் அது முற்றுகிறது. இலங்கையில் 2016 கணக்கெடுப்பில் தாய்ப்பால் மட்டும் குடிப்போர் 82 சதவீதம், உயரம் குன்றியவர்கள் 17 சதவீதம். அங்கே குடும்பநல மருத்துவிச்சி கர்ப்பத்திலிருந்தே வீடு தேடி வருகிறார். பாலும் கவனிப்பும் சேர்ந்து செய்ததைப் பாலுக்கு மட்டும் எழுதிவிட முடியாது.

ஆறு மாதம் என்ற எல்லைக்கும் காரணம் உண்டு. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கருவில் இருக்கும்போது சேர்த்துக்கொண்ட இருப்பை வைத்தே குழந்தை ஆறு மாதம் ஓட்டுகிறது. அதன்பின் உணவிலிருந்து வர வேண்டும். ஏழாம் எட்டாம் மாதத்தில் பாலைத் தவிர நாளுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும், ஒன்பதாம் மாதம் முதல் 300. 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தது 11.3 சதவீதத்தினருக்கே. வறுமை ஒரு காரணம். பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும் இன்னொரு காரணம். பருப்பு வெந்த தண்ணீரை வடித்து ஊட்டிவிட்டு, பருப்பைப் பெரியவர்கள் சாப்பிடுகிறோம். குழந்தையின் வயிறு சிறியது, தண்ணீரால் நிரம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டியில் சோற்றையும் பருப்பையும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அதிலேயே 40 கலோரி வந்துவிடும். முட்டையும் மீனும் ஈரலும் உண்ணும் வீடுகளில் ஏழாம் மாதம் முதலே மசித்துக் கொடுக்கலாம். இரும்பு அங்கிருந்து வரும். கூடவே பாலும் இரண்டு வயதுவரை தொடரட்டும்.